பெரியம்மா திடுக்கிடுகிறாள்

வசனம் எழுதுகிறவனுக்குத் தெரிந்த வினைச்சொல் ஒன்றே ஒன்றுதான். அது திடுக்கிடுவது. வாசல் மணி அடிக்கிறதா, பெரியம்மா திடுக்கிடுகிறாள். மூத்த மகன் வேலையை விட்டுவிட்டானா, பெரியம்மா திடுக்கிடுகிறாள். சின்ன மருமகள் காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டாளா, அதற்கும் பெரியம்மாதான் திடுக்கிட வேண்டும். காலையில் படப்பிடிப்பு வீட்டுக்குள் நுழைந்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒப்பனை அறையில் அன்றைய தாள்களைக் கையில் வாங்கியதும், எத்தனை இடத்தில் அந்தச் சொல் வருகிறது என்று பெரியம்மாவாக நடிக்கிறவள் புரட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொண்ட நெற்றிக்கு ஒப்பனைக்காரி திரும்பவும் பவுடர் போட வேண்டியிருக்கும்.

பெரியம்மா என்பது அவளுடைய பெயர் இல்லை. தொடரில் அவள் அந்தக் குடும்பத்துக்குப் பெரியம்மா, அவ்வளவுதான். தொடர் ஓட ஓட, அவளைவிட வயதில் மூத்த கார் ஓட்டுநர்கூட அவளைப் பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பல் பிடுங்கப் போன இடத்தில் பல் டாக்டர், "பெரியம்மா, வாயைத் திறங்க" என்றார். திறந்தாள். "சீரியல்ல பாக்குற மாதிரியே இருக்கு" என்று மகிழ்ந்துபோனார். அவர் படித்த படிப்பை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது.

ஒருநாள் மனம் பொறுக்காமல் வசனகர்த்தாவைப் பிடித்துக் கேட்டுவிட்டாள். தயாரிப்பாளரின் மச்சினன் என்பதைத் தவிர எழுத்தில் அவனுக்கு வேறு தகுதி எதுவும் கிடையாது.

"தம்பி, காபியில சர்க்கரை இல்லன்னா யாராவது திடுக்கிடுவாங்களா?"

"டெம்போ வேணும்ல மேடம்?"

"முகத்தைச் சுளிப்பாங்க. டம்ளரைக் கீழ வைப்பாங்க. திடுக்கிடறதுன்னா என்னன்னு நெனைச்சுக்கிட்டிருக்க?"

அவன் கண்ணை அகல விரித்து, வாயைப் பிளந்து, வலது கையை நெஞ்சில் வைத்துக் காட்டினான். "இதானே மேடம்? நீங்க தினமும் செய்யறதுதான்."

அவளுக்குச் சுருக்கென்றது. சொன்னவன் முட்டாள்தான், ஆனால் சொன்னது பொய் இல்லை. பத்து வருடம் மேடையில் நடித்துவிட்டு வந்தவள் அவள். தூக்கிவாரிப் போடுவது வேறு, துணுக்குறுவது வேறு, பகீர் என்பது வேறு, வெலவெலத்துப் போவது வேறு என்று அவளுக்குத் தெரியும். திடுக்கிடும்போது உடம்பு முதலில் குதிக்கும். ஆள் பின்னால்தான் வந்து சேருவாள், என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு. அந்த நடுவிலே இருக்கிற கண்சிமிட்டும் நேரம்தான் திடுக். மற்றதெல்லாம் முக விளம்பரம். இவ்வளவும் தெரிந்தவள்தான் மாசக்கணக்கில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். மற்றவர்களைக் கரித்துக்கொட்டுகிற அதே வாயால் தன்னையும் இரண்டு வார்த்தை திட்டிக்கொண்டாள்.

டைரக்டரைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே அவருக்குச் செய்கிற மரியாதை. இருந்தாலும் கதைக்கு வேண்டியிருக்கிறது. மானிட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வறுத்த கடலையைக் கொறித்தபடி, "ஷாக்! ஷாக்! இன்னும் ஷாக்!" என்று கத்துவார். அதுதான் அவர் இயக்கம். திடுக்கிட்ட முகத்தை மூன்று தடவை காட்ட வேண்டும் என்பது அவர் கண்டுபிடிப்பு. முதல் தடவை கிட்டே, இரண்டாவது தடவை இன்னும் கிட்டே, மூன்றாவது தடவை மூக்குக்குள் இருப்பது தெரிகிற அளவுக்கு. இந்தக் கண்டுபிடிப்புக்கு அவருக்கு ஒரு கேடயமும் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்கள் யாரென்று விசாரிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வீட்டில் இருப்பது அக்கா ஒருத்திதான். கட்டியவனோடு ஒத்துவராமல் இவள் பெட்டியோடு வந்து நின்ற நாளில், அக்கா கதவைத் திறந்தாள், வாயைத் திறக்கவில்லை. பின்கட்டில் பழைய சாமான் போட்டிருந்த அறையைக் காட்டினாள். அங்கேதான் வருடக்கணக்கில் கிடந்தாள். பெரியம்மா ஆன பிறகுதான் நிலைமை மாறியது. தெருவைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை கிடைத்தது, கேட்காமலே காபி வந்தது, "சாப்பிட்டியா" என்ற கேள்வியும் வந்தது. காய்கறிக் கடையில், மருந்துக் கடையில், எங்கே நின்றாலும் அக்கா, "பெரியம்மா என் தங்கச்சிதான்" என்று தானாகவே சொல்லிவிட்டுத்தான் சாமானே வாங்குவாள். இந்தப் பாசம் எதன்மேல் நிற்கிறது என்று தங்கைக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அது வேண்டியிருந்தது. அந்த அறையையாவது விட்டுவிடலாம், அந்தச் "சாப்பிட்டியா"வை விட அவளால் முடியாது.

படப்பிடிப்பில் ஒரு வழக்கம் உண்டு. அவ்வப்போது ஒரு நாள் முழுக்க வெறும் திடுக்கிடல்களை மட்டும் எடுத்துச் சேர்த்து வைப்பார்கள். ஷாக் மூட்டை என்று அதற்குப் பெயர். கூடத்தில் அந்தப் பழுப்பு நிற சோபாவுக்குப் பக்கத்தில் அவள் நிற்க வேண்டும். எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள், எதுவும் நடக்காது, வசனமும் கிடையாது. டைரக்டர் கத்துவார், இவள் நெஞ்சில் கை வைப்பாள். உடை மாற்றிக்கொண்டு வந்து இன்னொன்று. பிறகு எடிட்டர் தேவைப்படுகிற இடத்தில் ஒவ்வொன்றாக உருவி ஒட்டிக்கொள்வார். சாவுக்கும் அதே முகம்தான், கல்யாணத்துக்கும் அதே முகம்தான். வேறு எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு வெட்கக்கேட்டைச் செய்துவிட்டு மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

அன்றைக்கும் மூட்டை நாள்தான். ஆனால் ஒப்பனை அறையில் வழக்கத்தைவிட உடைகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. கம்பளிச் சட்டைகள்கூட இருந்தன.

"என்னடி இது, குளிர்காலத்துக்கெல்லாம் இப்பவே எடுக்கிறாங்களா?" என்றாள் பெரியம்மா.

ஒப்பனைக்காரி சீப்பைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவதோ நான்காவதோ டேக். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் வாயில் கடலை இருந்ததால் கத்த நேரமாயிற்று. அந்த இடைவெளியில் மானிட்டருக்குப் பின்னால் போனில் பேசிக்கொண்டிருந்த வசனகர்த்தாவின் குரல் கணீரென்று கேட்டது. மெதுவாகப் பேசுவதாக அவனுக்கு நினைப்பு.

"ஆமா மாமா, வர்ற வாரம் பெரியம்மாவுக்குப் பேச்சு போயிடுது. பேசாம நின்னு திடுக்கிட்டா போதும். இன்னிக்கு எடுக்கிறதே ரெண்டு வருஷத்துக்கு வரும். அப்புறம் அந்தம்மா எதுக்கு? கணக்கு முடிச்சு அனுப்பிடலாம்."

அவள் கண் குரல் வந்த பக்கம் ஒரு தடவை போயிற்று. கைகள் நெஞ்சுக்குப் போகவில்லை. கைகள் இருக்கிற ஞாபகமே அவளுக்கு இல்லை. ஒரு கணம் அந்தக் கூடத்தில் அவள் உடம்பு மட்டும் நின்றது. அப்புறம்தான் அவள் வந்து சேர்ந்தாள்.

"கட், கட்!" என்றார் டைரக்டர். "என்னம்மா, ஒண்ணுமே வரலையே?"

"வந்துச்சு சார்."

"எங்க வந்துச்சு? மரம் மாதிரி நிக்கிறீங்க. ஏம்பா கேமரா, உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

"கண்ணுல என்னமோ மினுக்குன்னு ஒண்ணு வந்துச்சு சார். லைட் பட்டிருக்கும்."

"அதை அழிச்சிடு. இன்னொண்ணு போலாம். நல்லா பெருசா குடுங்க பெரியம்மா!"

ஒரு வருடமாக அந்த வீட்டில் நடந்த ஒரே உண்மையான திடுக்கிடலை அழித்துவிட்டு அந்த மனுஷர் இன்னும் கொஞ்சம் கடலையை வாயில் போட்டுக்கொண்டார். உடை மாற்றுவதற்காக ஒப்பனை அறைக்குப் போனதும் பெரியம்மா கதவைச் சாத்தினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனைச்சேன்" என்றாள் ஒப்பனைக்காரி. அதற்குள் அவள் மூக்கு சிவந்துவிட்டது. "உங்ககிட்ட சொல்லாதேன்னாங்க பெரியம்மா. எனக்கும் பொழப்பு இருக்கே."

கோபித்துக்கொண்டு வெளியே போய்விடலாம். போனால் என்ன ஆகும்? பழைய மூட்டைகளில் அவள் கொடுத்தவை ஏற்கெனவே கொஞ்சம் இருக்கின்றன. அதை வைத்து ஒப்பேற்றுவார்கள், போனவளுக்குத் திமிர் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். வசனகர்த்தாவின் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். உலுக்கினால் உள்ளேயிருந்து என்ன விழும், இன்னும் நாலு திடுக்கிடல்தான் விழும். அப்புறம் அவளுக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் முகத்தில் ஒரு களை வந்ததை ஒப்பனைக்காரியே பார்த்தாள்.

இத்தனை நாள் அவள் கொடுத்தது எதற்கும் பொருந்துகிற திடுக்கு. அதனால்தான் மூட்டை கட்ட முடிகிறது. நிஜத்தில் யாரும் பொதுவாகத் திடுக்கிடுவதில்லை. பின்னால் சத்தம் கேட்டால் தோள் ஒரு விதமாக எகிறும், கை சுட்டால் வேறு விதமாக எகிறும். எது திடுக்கிட வைத்ததோ அது இருக்கிற திசையைக் கண் போய்த் தொடும். அப்படி ஒவ்வொன்றையும் ஒரே ஒரு காரணத்துக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி கச்சிதமாகக் கொடுத்துவிட்டால்? கதைக்குள் எங்கேயும் ஒட்டாது. எடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். வேறு வழியில்லாமல் அவளைத் திரும்பக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

அன்று மத்தியானம் அவள் நடித்த மாதிரி மேடையில்கூட நடித்ததில்லை. இடது பாதத்துக்குப் பக்கத்தில் பாம்பு ஒன்று ஊர்வதாக வைத்துக்கொண்டாள். கால் வெடுக்கென்று மேலே வந்தது, கண் தரையில் குத்தி நின்றது, உடம்பு முழுவதும் ஒற்றைக் காலில் நின்று மூச்சடைத்தது. பின்னாலிருந்து யாரோ கூந்தலைப் பிடித்து இழுப்பதாக அடுத்தது. அடுப்பிலிருக்கிற பாத்திரத்தின் மூடியைத் துணியில்லாமல் தொட்டுவிட்டதாக ஒன்று. கூரையிலிருந்து பல்லி தோளில் விழுந்ததாக ஒன்று. உடை மாற்றி, கம்பளி மாற்றி, மாலை வரைக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கூடத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"இன்னிக்குப் பிச்சு உதறிட்டீங்க மேடம்" என்று வசனகர்த்தா பல்லை இளித்தான்.

"எல்லாம் உன் எழுத்துதான் தம்பி" என்றாள் பெரியம்மா. அவன் அதையும் நம்பினான்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம், "கதையில எனக்கு உடம்பு சரியில்ல, கொஞ்ச நாள் லீவு" என்று சொல்லிவிட்டாள். அக்காவும், "ஓய்வெடு, ஓய்வெடு, அந்த முகம் கெட்டுடக் கூடாது" என்று பால் காய்ச்சிக் கொடுத்தாள். உண்மை தெரிந்தால் இந்தப் பால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே குடித்தாள். போன் எப்படியும் வரும், வந்ததும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது என்று தைரியமாக இருந்தாள். போன் வரவில்லை. தொடர்தான் வந்தது.

பேச்சுப் போன பெரியம்மா சோபாவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். மூத்த மகன் உள்ளே வந்து, "எனக்கு நேத்தே கல்யாணம் ஆயிடுச்சு" என்கிறான். இசை இடி இடிக்கிறது. பெரியம்மா இடது காலைத் தூக்கித் தரையைப் பார்க்கிறாள். மூன்று தடவை தூக்குகிறாள்.

மாட்டினார்கள் என்று அவள் மனதுக்குள் குதித்தாள். இந்தக் கூத்தைப் பார்த்து ஊர் சிரிக்கும், நாளைக்கே டைரக்டர் ஓடி வருவார். பக்கத்தில் அக்கா சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சு போனவ வேற என்ன செய்வா?" என்றாள் அக்கா. "காலுக்குக் கீழ நிலம் நழுவிப் போச்சுன்னு காட்டுற பாரு. எப்படிடி உனக்கு இதெல்லாம் தோணுது?"

பெரியம்மா வாயடைத்துப் போனாள். நிஜமாகவே.

மறுநாள் மகள் படிப்பை நிறுத்திவிட்டதாகச் சொன்னபோது, தொடரில் பெரியம்மா பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள். விதி பின்னாலிருந்து இழுக்கிறது என்று எதிர்வீட்டுக்காரி விளக்கம் சொன்னாள். மருமகள் நகையைக் காணவில்லை என்றதும் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டாள். பாரத்தை உதறுகிறாள் என்று மருந்துக் கடைக்காரர் உருகினார். எதைப் போட்டாலும் விழுங்கி, விழுங்கியதற்கு ஒரு பொருளும் சொல்கிற ஜனங்களை என்னதான் செய்வது? வசனகர்த்தாவாவது அவன் மாமனுக்காக எழுதுகிறான். இவர்கள் யாருக்காக இப்படிப் புரிந்துகொள்கிறார்கள்?

டைரக்டரிடமிருந்து ஒருவழியாகப் போன் வந்தது.

"பெரியம்மா! அந்தக் கால் தூக்கறது எங்கயோ போயிடுச்சு! இப்ப எல்லாருமே அதான் பண்றாங்க. மூத்த மருமக, சின்ன மருமக, வேலைக்காரி, எல்லாரும் இடது கால்தான். நம்ம ரைட்டர் சீன் பேப்பர்லயே 'காலைத் தூக்கித் திடுக்கிடுகிறாள்'னு எழுத ஆரம்பிச்சுட்டான்."

"அது பாம்புக்குப் பண்ணது சார்."

"என்ன பாம்பு?"

"ஒண்ணுமில்ல. எனக்கு எப்ப ஷூட்டிங்?"

"உங்களுக்கா?" அவர் எதையோ கடித்து மென்றார். "உங்களோடதுதான் நிறைய இருக்கேம்மா. ஒரு பிரச்சினையும் இல்ல. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க."

போனை வைத்த பிறகு ஜன்னலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ ஒருத்தியின் பையிலிருந்து பாட்டில் விழுந்து உடைந்தது. அந்தப் பெண் இடது காலைத் தூக்கி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, அப்புறம்தான் கண்ணாடித் துண்டிலிருந்து விலகினாள். கண்ணாடி கிடந்தது வலது பக்கம். பெரியம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

இனிமேல் மறைத்துப் பயன் இல்லை. வேலை போனதுகூட அவளுக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை. தன்னைப் பற்றிய ஒரு சேதியைக் கேட்டு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள் உண்மையாகப் பதற வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கை தவறி ஒரு கரண்டி விழுந்தால் போதும். பின்கட்டு அறைக்குக்கூட அவள் சந்தோஷமாகப் போய்விடுவாள்.

சமையலறையில் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பெரியம்மா நிலைப்படியில் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். லீவெல்லாம் இல்ல. எனக்கு வேலை போயிடுச்சு. இனிமே என்னைக் கூப்பிட மாட்டாங்க."

அக்கா பாத்திரத்தைப் பத்திரமாகச் சமையல் மேடைமேல் வைத்தாள். குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இடது காலைத் தூக்கித் தரையைப் பார்த்தாள்.

தொலைக்காட்சியில் நிற்கிற அளவுக்கே நின்றாள். ஒரு கணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதில் நடிப்பு எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. உள்ளே ஏதாவது ஆகியிருந்தால், அது வெளியே வருவதற்கு அக்காவிடம் அந்த ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. அந்த வழியையும் போட்டுக் கொடுத்தவள் இவள்தான்.

"அங்க என்ன பாக்குற? என்னைப் பாரு" என்றாள் பெரியம்மா. "அது வேலை போனதுக்கு இல்ல அக்கா. அது பாம்புக்கு."

"பாம்பா!"

அக்கா எகிறிய எகிறலில் பாத்திரங்கள் மொத்தமும் தொட்டிக்குள் சரிந்தன. முழங்கை சுவரில் இடித்தது, தொண்டையிலிருந்து இவள் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு சத்தம் வந்தது, உடம்பு பாதி தூரம் மேடைமேல் ஏறிய பிறகுதான் அக்கா அதற்குள் வந்து சேர்ந்தாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. எந்த டைரக்டருக்கும் எந்தக் காலத்திலும் கிடைக்காத சுத்தமான, கலப்படமே இல்லாத திடுக்கிடல். தொழில் தெரிந்தவள் என்பதால், பெரியம்மா அதை ஒன்றுவிடாமல் பார்த்தாள்.

"எங்கடி? எங்க இருக்கு?" என்று மேடைமேலிருந்து கத்தினாள் அக்கா.